பின்னணி நீக்கப்பட்ட முகம்: ‘முன்’ படம் குறித்துச் சில குறிப்புகள்

1

மில்லர்புரத்தில் ஒரு தோல் கிளினிக்குக்கு மைனியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு. இருபது வருசம் உப்பளத்தில் உப்பு வாரியவர். மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்கள். “மேடையில வச்சி எல்லாரும் போட்டோ புடிப்பாங்கல்லா தம்பி, எம் மூஞ்சி மட்டும் கரிபிடிச்ச சட்டி மாரி நிக்கும்” என்பதுதான் அவர் சொன்ன காரணம். அழகு பற்றிய சொல்லாடல் எதுவும் அவரிடம் இல்லை. போட்டோ பற்றிய பயம் மட்டும் இருந்தது.

காத்திருக்கும் இடத்தில் ஒரு ஆல்பம் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு படங்கள். இடப்பக்கம் ‘முன்’, வலப்பக்கம் ‘பின்’. எல்லாக் கண்களின் மேலும் ஒரு கறுப்புப் பட்டை. புரட்டிக்கொண்டே வந்த மைனி ஓரிடத்தில் நிறுத்தி, “இது நம்ம டெய்லர் மக இல்லா?” என்றார். உதட்டோரத்து மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவளும் வந்திருக்காளா? சொல்லவே இல்ல பாத்தியளா” என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். படம் எடுக்க நின்ற பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னாள். முடியை ஒரு பட்டையால் பின்னுக்குத் தள்ளினாள். கழுத்துவரை நீலத்துணி போர்த்தினாள். பின்னாலும் நீலத்திரை. “பொட்டையும் எடுத்திருங்கம்மா” என்றபோது மைனி ஒரு நிமிசம் நின்றார். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது வெறும் நெற்றியோடு ஒரு படம். பிறகு ஸ்டிக்கர் பொட்டை உரித்துப் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். “சிரிக்காதீங்கம்மா, சும்மா பாருங்க.” நேராக ஒன்று, முக்கால்வாசி திரும்பி இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. ஐந்து படங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துச் சொல்லவில்லை. கம்மலை மாட்டிக்கொண்டே, “எனக்கு இதுல ஒண்ணு தருவியளாம்மா?” என்று கேட்டார். “அது ரெக்கார்டும்மா, வெளிய குடுக்க மாட்டோம்” என்று பதில் வந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கிளினிக்கின் மேல் புகார் அல்ல. படம் தராததைத் தவிர, அங்கே நடந்த எல்லாமே விதிப்படிதான் நடந்தன. அந்த விதி எங்கிருந்து வந்தது, முகத்தை அது என்னவாக ஆக்குகிறது, எதைக் காட்டுவதற்காக எதை வெட்டியெறிகிறது என்பவைதான் நம் கேள்விகள்.

2

முதலில் விதியின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதிகாரம் என்ற ஒற்றைச் சொல்லை எடுத்து வீசிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது.

மங்கு ஒரே நாளில் போவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுக்கும், வெயில் பட்டால் திரும்பவும் வரும். தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு இந்த மாற்றம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தோம் என்பதை முகம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் இரண்டு படங்களும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டாக வேண்டும். லென்ஸ் மாறினால் முகம் மாறும். கையில் பிடித்த செல்போனில் ஒரு அடி தூரத்திலிருந்து எடுத்தால், ஐந்து அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒளியை மேலிருந்து விட்டால் குழிகள் ஆழமாகும், நேராக விட்டால் நிரவும். விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்குக் கோணத்தில் முனைவாக்கும் கண்ணாடி போட்டால் தோலின் மேல் பளபளப்பு அடங்கி, அடியிலிருக்கும் நிறம் மட்டும் தெரியும். இவ்வளவு வித்தை இதில் இருப்பதால் விதி இல்லாவிட்டால் ஏமாற்றுவது சுலபம். ‘முன்’னுக்கு மேல்வெளிச்சம், ‘பின்’னுக்குக் கொஞ்சம் பவுடர், கொஞ்சம் புன்னகை என்று வைத்தால் சிகிச்சையே தேவையில்லை.

பொட்டை எடுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலிருக்கும் ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெண்தழும்பை உண்டாக்கும். குங்குமம் சிலருக்குக் கறுப்பைத் தரும். பொட்டு இருக்கும் இடமே மருத்துவருக்கு ஒரு தடயம்.

ஆக, விதி சரி. சிக்கல் ‘முன்’ என்ற சொல்லில் இருக்கிறது. படம் எடுக்கும் நேரத்தில் ‘பின்’ என்று ஒன்று இல்லை. சிகிச்சையே தொடங்கவில்லை. இருந்தும் இந்தப் படத்துக்குப் பெயர் ‘முன்’. இன்னும் வராத ஒரு முகத்தின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்துத்தான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக எந்தப் புகைப்படமும் ‘இது இருந்தது’ என்று சொல்லும். ‘முன்’ படமோ ‘இது இப்படி இருக்கக் கூடாது’ என்கிறது. நாற்பத்தாறு வருசம் வாழ்ந்த ஒரு முகம் அந்த நொடியில் ஒரு குறைபாட்டின் பெயராக, சரிசெய்யப்படக் காத்திருக்கும் கச்சாப்பொருளாக மாறிவிடுகிறது. மைனியை நோயாளி ஆக்கியது மங்கு அல்ல, மங்குவோடுதான் அவர் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஐந்து பிரேம்களில் அவர் நோயாளி ஆனார்.

தமிழ்நாட்டில் முகத்தைப் படம் எடுக்கும் வேறொரு மரபு நமக்கு உண்டு. ஸ்டூடியோ. அங்கேயும் திரை இருந்தது. அதில் தாஜ்மகாலோ, பூந்தோட்டமோ, மாடிப்படியோ வரைந்திருக்கும். பெண் பார்க்கப் போட்டோ என்றால் கம்மல், மூக்குத்தி, இரவல் சங்கிலி எல்லாம் ஏறும். படம் எடுத்தபின் நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்வார்கள். பருத்தழும்பும் மங்கும் அங்கேயே மறையும். ஸ்டூடியோக்காரர் செய்ததும் ஒரு வகை அழகு சிகிச்சைதான். ஊசி முகத்தில் இறங்கவில்லை, பென்சில் நெகட்டிவில் இறங்கியது, அவ்வளவே. ஸ்டூடியோ முகத்துக்கு இல்லாத பின்னணியைக் கொடுத்தது. கிளினிக் இருக்கிற பின்னணியையும் பிடுங்கிக்கொள்கிறது. ஸ்டூடியோ படத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். கிளினிக் படம் வீட்டுக்கு வருவதில்லை.

3

இந்த விதிக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. மைனியின் தலையைச் சரியாக நிமிர்த்தி வைத்த அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முகப் படங்களில் தலை எந்த அளவு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்குப் பாடநூல்கள் ‘பிராங்க்ஃபர்ட் தளம்’ என்ற கோட்டைச் சொல்கின்றன. கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து காதுத் துவாரத்தின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு. அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். 1884இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் மண்டையோட்டு அளவையாளர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட கோடு இது. செத்தவர்களின் மண்டையோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இனம் பிரிப்பதற்காக வரையப்பட்டது. உயிருள்ள முகங்களுக்கு அது பின்னால் வந்தது. நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் என்ற ஜோடியை அதே 1880களில் பாரிஸ் போலீசில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் குற்றவாளிகளுக்காக ஒழுங்குபடுத்தினார். அதற்கும் முன்பே, 1869இல், லாம்ப்ரி என்பவர் பட்டுநூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் பின்னிய சட்டத்தின் முன் மனிதர்களை நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். திரையில் மனிதனுக்குப் பின்னணியாக இருந்த உலகம் அன்றே கழற்றப்பட்டுக் கட்டமாக மாறியது. நீலத்துணி அந்தக் கட்டத்தின் பேத்தி.

நம் கடற்கரையோடு இந்தக் கதைக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அருங்காட்சியகம் 1894இல் வெளியிட்ட முதல் புல்லட்டின் எதைப் பற்றியது? மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும். எழுதியவர் தர்ஸ்டன். முத்துச்சிப்பியை ஆராய்ந்த கை அதன்பின் மனிதர்களின் மூக்கை அளக்கப் போனது. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு நாசிக்குறியீடு என்று பெயர். இந்த எண் ஏற ஏறச் சாதி இறங்கும் என்று வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் எழுதியிருந்தார். ரிஸ்லியின் எண்களையே எடுத்துவைத்து, அது இந்தியா முழுதுக்கும் பொருந்தாது என்று ஜி.எஸ். குர்யே 1932இல் காட்டினார். தர்ஸ்டன் தென்னிந்தியாவில் அளந்தார், படமெடுத்தார். 1909இல் ரங்காச்சாரியின் உதவியோடு ஏழு தொகுதிகளாகச் சாதிகளையும் பழங்குடிகளையும் அச்சில் அடுக்கினார். அந்நூலின் முன்னுரையில் அவரே ஒரு சம்பவம் சொல்கிறார். வயநாட்டில் அவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல மாதிரிகளைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறான் என்று நினைத்தார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். அந்தப் பெண்கள் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள் என்றே நான் வாசிக்கிறேன். தாங்கள் மாதிரி ஆக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தூத்துக்குடியில் 1961இல் கடைசியாக முத்துக்குளித்தார்கள். முத்தை வரிசையாகச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள், பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்துத் தரம் வைப்பார்கள். ஆணிமுத்து ஒரு முனை, தூள் மறுமுனை. குளித்தவனின் காதும் நெஞ்சும் என்ன ஆயிற்று என்பது சல்லடையில் தங்குவதில்லை. முத்தின் ஒளியைக் குறை சொல்ல முடியாது. சலிப்பவனின் கையில் சல்லடை இருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. படங்களுக்கும் இது பொருந்தும். மரியாதைக்காக எடுக்கப்படும் படமும் அடக்குவதற்காக எடுக்கப்படும் படமும் ஒரே காப்பகத்தின் இரண்டு அலமாரிகள் என்று ஆலன் செகுலா 1986இல் வாதிட்டார். மைனியின் ஐந்து படங்கள் எந்த அலமாரியில் போய் உட்கார்ந்தன?

4

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். ‘முன்–பின்’ படத்துக்கு இன்னொரு வம்சாவளியும் இருக்கிறது. அதுவும் இந்திய மண்ணில் தொடங்கியதுதான்.

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதமும் படமும் வெளியாயின. கவாஸ்ஜி என்ற மராட்டிய வண்டிமாட்டுக்காரர், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டியவர், 1792 போரில் திப்புவின் கைதியாகி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஒரு வருசம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித்தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். பார்த்த ஆங்கில மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் படம் தீட்டினார். அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ லண்டனில் 1814இல் இதே அறுவையைச் செய்து, 1816இல் நூலாக எழுதினார். நவீன ஐரோப்பிய முக அறுவைச் சிகிச்சையின் கதை இங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது ‘பின்’ மட்டுமே. புது மூக்கோடு கவாஸ்ஜி நம்மைப் பார்க்கிறார். மூக்கில்லாத அவரது முகத்தை யாரும் வரைந்து வைக்கவில்லை, அதை எழுத்து சொல்லிவிட்டது. அவருக்குப் பெயர் இருக்கிறது. தொழில் இருக்கிறது. மூக்கு எந்தப் போரில், யாரால் போனது என்ற விவரம் இருக்கிறது. அதாவது பின்னணி இருக்கிறது. பெயர் இல்லாமல் போனவர் மூக்கு வைத்த அந்தச் செங்கல்காரர்தான். சாட்சிகளுக்குப் பெயர் உண்டு, ஓவியருக்கு உண்டு, கை வேலை செய்தவருக்கு இல்லை. அந்தக் கதையின் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறி வேண்டாம்.

இரண்டாவது உதாரணம் வேலூர். 1946இல் அங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தும் சிலருக்கு வேலை கிடைக்கவில்லை. உள்வாங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் அவர்கள் யார் என்பதைத் தெருவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆகவே மூக்கை உயர்த்தும் அறுவையும், தலைமுடியோடு தோலை எடுத்துப் புருவமாக வைக்கும் அறுவையும் அங்கே நடந்தன. புருவம் அழகா, பிழைப்பா? அந்த மனிதர்களிடம் இந்தக் கேள்வியே அபத்தமாகப் பட்டிருக்கும். ‘அழகு சிகிச்சை’ என்று சொல்லி நாம் சிரிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். முகம் சமூகத்தின் வாசலில் காட்ட வேண்டிய சீட்டாக இருக்கும்வரை, அந்தச் சீட்டின் கறையைத் துடைக்க நினைப்பவரைப் பார்த்துக் கருத்தியல் மயக்கம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மேடையில் நிற்கப்போவது நாமல்ல, மைனி.

5

அப்படியானால் மைனியின் படத்தில் எது தவறிப்போகிறது?

மங்கு சூரியனால் கூடும். பிள்ளைப்பேற்றில், கருத்தடை மாத்திரையில் மாறும் ஹார்மோன்களாலும், குடும்ப வழியாகவும் வரும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்குவைக் கூட்டும். இப்போது உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வெயில். காலுக்குக் கீழே வெள்ளைப் பாத்தி, அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. தலையில் கட்டிய துண்டு மேலிருந்து வருவதைத் தடுக்கும், கீழிருந்து வருவதைத் தடுக்காது. கண் கூசும், கன்னம் கறுக்கும். மழை நின்றபின் தொடங்கி அடுத்த மழைவரை இதே வேலை. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலை இந்த மக்களைப் பற்றி எழுதி 1979இல் வெளியிட்டார். நாவல் பின்னணியை எழுதியது, கிளினிக் அதன்மேல் நீலத்துணி போர்த்துகிறது.

மங்குவை அளக்கும் அட்டவணை ஒன்று 1994 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முகத்தை அது நிலம் போலப் பங்கு பிரிக்கிறது. நெற்றிக்கு 30 சதவீதம், வலக் கன்னத்துக்கு 30, இடக் கன்னத்துக்கு 30, தாடைக்கு 10. ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு பரப்பு, எவ்வளவு கறுப்பு என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இது உதவும், மறுக்கவில்லை. எத்தனை வருசம் பாத்தியில் நின்றாய் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. காரணம் விளைநிலத்தில் இருக்க, கணக்கு விளைச்சலை மட்டும் எடுக்கிறது. மருத்துவப் பார்வை நோயை நோயாளியிடமிருந்து பிரித்து உடலில் ஒரு இடமாக ஆக்குகிறது என்று மிஷல் ஃபூக்கோ 1963இல் சொன்னதை மில்லர்புரத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

தோலின் நிறத்தைப் பிரிக்கும் அளவுகோலும் இப்படித்தான். 1975இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வகைப்படுத்தியபோது முதலில் இருந்தவை நான்கு வகை. எல்லாமே வெள்ளைத் தோலின் உட்பிரிவுகள். வெயிலில் எரியுமா, கறுக்குமா என்று கேட்டு, கதிர்ச் சிகிச்சையின் அளவை முடிவு செய்வதற்காகச் செய்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பின்னால் இடம் போட்டார்கள். உலகத்தின் பெரும்பான்மைத் தோல் ஒரு பின்னிணைப்பு. லேசர் எந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது இன்றும் பெரும்பாலும் இந்த எண்தான். நம் தோலில் அளவு தப்பினால் மங்கு போவதற்குப் பதில் புதுக் கறுப்பு உட்காரும்.

மைனியின் முகம் கிளினிக்குக்கு வருவதற்கு முன்பே சிகிச்சை பெற்ற முகம் என்பதும் அந்தப் படத்தில் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ட்யூப், பக்கத்து வீட்டுக்காரி தந்த மிச்ச ட்யூப் என்று ஆறேழு வருசம். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் எரியும். மருத்துவர்களே இதற்கு ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்று தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு நாடெங்கும் பரவியது. 2018இல்தான் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை மாற்றியது. அந்த ட்யூபை வாங்க வைத்தது எது? இன்னொரு ‘முன்–பின்’ படம். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யின் அட்டையில் பல வருசம் ஒரே பெண்ணின் இரண்டு முகங்கள், ஒன்று மங்கி, ஒன்று வெளுத்து, பக்கத்தில் நிறப்படிகளின் அட்டவணை. 2019இல் அந்த இரட்டை முகத்தையும் அட்டவணையையும் எடுத்தார்கள். 2020இல் பெயரையும் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். நாற்பது வருசத்துக்கும் மேலாக ஒரு நாட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ‘முன்’ படத்தில் நிறுத்திவைத்த பிறகு.

ஆக, ‘முன்’ என்று ஒன்று இல்லை. கிளினிக் எடுத்தது வெயிலுக்குப் பின், பேறுகாலத்துக்குப் பின், ட்யூபுக்குப் பின், விளம்பரத்துக்குப் பின் வந்த ஒரு முகம். பல ‘பின்’கள் அடுக்கடுக்காய்ப் படிந்த முகத்துக்கு ‘முன்’ என்று பெயரிடும்போது, அதற்கு முந்தைய வரலாறு முழுக்க அழிகிறது. கோளாறு தோலில்தான், உப்பளத்தில் அல்ல என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

6

இனி அந்தக் கறுப்புப் பட்டைக்கு வருவோம். மைனி ஒரு மச்சத்தை வைத்து அதைத் தோற்கடித்தார். ஊர் என்பது அப்படிப்பட்டது. இங்கே முகம் கண்ணால் மட்டும் அறியப்படுவதில்லை. தாடை, கழுத்து, காது, தழும்பு எல்லாவற்றையும் ஊர் மனப்பாடமாக வைத்திருக்கிறது. பட்டை யாரிடமிருந்து மறைக்கிறது? தெரியாதவரிடமிருந்து. அவருக்கு எப்படியும் தெரியாது. தெரிந்தவரிடமிருந்து மறைக்கத்தான் மறைப்பு வேண்டும், அதை அது செய்வதில்லை. பட்டை போட்ட முகத்தால் திருப்பிப் பார்க்கவும் முடியாது. நாம் பார்க்கலாம், அவர் பார்க்க முடியாது என்ற உறவை அது நிலைநிறுத்துகிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. அதே விதியின் அடுத்த வரி, அடையாளம் வெளிப்படாது என்றால் அனுமதி தேவையில்லை என்றும் சொல்கிறது. வயிற்றுப் படத்துக்கு இது சரியாக இருக்கலாம். முகச் சிகிச்சையில் நோயின் இடமும் அடையாளத்தின் இடமும் ஒன்றே. அடையாளம் தெரிகிறதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? டெய்லர் மகளிடம் கேட்டார்களா, அல்லது மைனியிடம் கேட்டார்களா? 2023இல் புதிய விதிகள் வந்து, அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகளே திரும்பின. அதே 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழியிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும் என்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

‘ரெக்கார்டு, வெளிய குடுக்க மாட்டோம்’ என்ற பதிலையும் பார்ப்போம். அதே 2002 விதிகளின்படி, நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். படம் ரெக்கார்டு என்றால், ரெக்கார்டு என்பதாலேயே அவருக்குத் தர வேண்டும். ரெக்கார்டு இல்லை என்றால் எதற்காக எடுத்தார்கள்? ஆல்பத்துக்கா? இரண்டில் ஒன்றை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

இது சட்டப்புள்ளியோடு முடியும் விசயமும் அல்ல. படம் ஒரு சாட்சி என்று முன்னமே ஒப்புக்கொண்டோம். லேசர் தப்பி முகம் கறுத்தால், முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அந்தச் சாட்சியைத் தவிர வேறில்லை. அது ஒரு தரப்பின் பெட்டியில் மட்டும் இருந்தால், வழக்கின் இருபக்கமும் அவர்களே பேசலாம். பிரதி மைனியின் கையிலும் இருக்கும்போதுதான் அது ஆதாரம். இல்லாவிட்டால் சரக்கு.

ஆகவே படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பவை சின்ன விசயங்கள். தாள் தமிழில் இருக்கட்டும். சிகிச்சைக்கு ஒரு கையெழுத்து, பாடத்துக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்கட்டும். கடைசி இரண்டுக்கும் ‘மாட்டேன்’ என்று சொன்னாலும் சிகிச்சை கிடைக்கட்டும். ஐந்து படங்களின் பிரதியும் அன்றே அவர் செல்போனுக்குப் போகட்டும். படத்தோடு வைக்கும் குறிப்பில் வயது, தோல் வகை எண், மதிப்பெண் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருக்கட்டும்: எங்கே வேலை பார்த்தார், எத்தனை வருசம் வெயிலில் நின்றார், என்னென்ன பூசினார். நீலத்துணியை விலக்க வேண்டாம். அது மறைத்ததை எழுத்தில் வைத்தால் போதும். அப்படி எழுதப்பட்ட ஆயிரம் குறிப்புகள் ஒரு இடத்தில் சேர்ந்தால், மங்கு ஒரு அழகுப் பிரச்சனையா, தொழில் நோயா என்று உப்பளக்காரர்களிடம் பேச ஒரு ஆதாரம் நம் கையில் இருக்கும்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மைனி கையைத் தடவிப் பார்த்தார். பொட்டைக் காணோம். உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது. “சரி விடுங்க தம்பி, வீட்ல கண்ணாடில நாலு ஒட்டி வச்சிருக்கேன்” என்றார். ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தபின், “எனக்கு ஒண்ணு தந்திருக்கலாம்” என்றார். இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது அந்த வாக்கியம்தான். இதைப் படிக்கும் தோல் மருத்துவர்கள் மறுத்து எழுதினால் அதையும் விவாதிப்போம்.